ஆறு வீட்டுக் குறுக்கெழுத்து

முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இழுத்துவிட்டு இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். "அந்தக் காலத்துல உங்களுக்கெல்லாம் பொழுது எப்படித்தான் போச்சு?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பாண்டி, பல்லாங்குழி என்று பட்டியல் போடுவீர்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. "ஒரே ஒரு வாரப் பத்திரிகையை ஆறு வீட்டுக்காரர்கள் பங்குபோட்டுச் சண்டை பிடித்தோம்" என்பேன். உடனே போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்களாவது நகராமல் இருங்கள், முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம். ஓசூரில் தொழிற்பேட்டை வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கே பார்த்தாலும் புதுச் சுவர், புதுத் தகரக் கூரை, காலில் ஒட்டுகிற செம்மண். லாரிகளுக்கு வேண்டிய தகரப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அப்பா பிரஸ் ஆபரேட்டர், தகட்டை அழுத்தி வடிவாக்குகிற மெஷினை ஓட்டுபவர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு காம்பவுண்டில் குடிவைத்தார்.

ஒரே வரிசையில் ஆறு வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய், ஒரே துவைக்கிற கல். முதல் வீட்டில் ஸ்டோர் மாமாவும் அத்தையும். மாமா அப்பாவின் கம்பெனியிலேயே ஸ்டோர் கீப்பர், திருச்சிப் பக்கத்துக்காரர். ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் கையெழுத்து வாங்காமல் தரமாட்டார் என்று அப்பா சலித்துக்கொள்வார். நாலாவது வீடு எங்களுடையது. கடைசி வீட்டில் அதே கம்பெனியின் டிரெய்னிகள் மூன்று பேர். அவர்களில் ஒருவர், ஆந்திர எல்லையோரத்து வேப்பனப்பள்ளிக்காரர், எங்களுக்கு வேப்பனப்பள்ளி அண்ணன். மற்ற வீட்டுக்காரர்களை விட்டுவிடுகிறேன். இந்தக் கதையில் அவர்களுக்குத் தலையாட்டுகிற வேலைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டோர் மாமா பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்திரிகை வாங்கி வருவார். அன்று அவர் வீட்டில் இருக்கும். மறுநாள் இரண்டாவது வீடு, அதற்கு மறுநாள் மூன்றாவது. இப்படி ஆறு நாளில் ஆறு வீடு சுற்றி ஏழாவது நாள் அவரிடமே திரும்பும். தொடர்கதை எல்லோருக்கும் பொது. ஆனால் குறுக்கெழுத்துக் கட்டம் ஒன்றுதானே? அதற்கு மாமா ஒரு சட்டம் போட்டிருந்தார். அவர் பேனாவில் எழுதுவார். மற்ற வீடுகள் பென்சிலில்தான் எழுதவேண்டும். நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் எழுதவேண்டும், சந்தேகம் இருந்தால் கட்டத்தைத் தொடக்கூடாது. கடைசியில் அதைக் கத்தரித்துத் தன் பெயரில் தபாலில் போடுவார். எல்லாம் சரியாக எழுதியவர்களின் பெயர் பத்திரிகையில் வரும். அவர் பெயர் நாலைந்து தடவை வந்திருந்தது. கம்பெனி கேன்டீனில் அதைப் பற்றிப் பேசுவார்களாம்.

அது லேசுப்பட்ட குறுக்கெழுத்து இல்லை. 'இந்தியாவின் தலைநகர்' மாதிரியெல்லாம் கேட்காது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை ஒளித்து வைக்கும். சுலபமானவற்றை முதல் மூன்று வீட்டுக்காரர்களும் முடித்துவிடுவார்கள், கஷ்டமானது மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு வரும். மற்ற பிள்ளைகள் ஒன்றாம் படியிலிருந்து ஏறினார்கள் என்றால் நான் பத்தாம் படியில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டேன். முதல் ஒரு மாதம் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் விளங்காததை விட்டுவிடுகிற ஜாதி இல்லை நான். "இவ ஒருத்தி, கேள்வி கேட்டே ஆளைக் கொன்னுருவா" என்பாள் அம்மா.

ஒரு வாரம் இப்படி வந்தது: 'தலையிழந்த போர் நிழல் தரும் (3).' பக்கத்தில் ஸ்டோர் மாமா பேனாவால் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வரைந்திருந்தார். இது என்ன கூத்து என்று பத்திரிகையைப் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்த் தமிழம்மாவிடம், "போருக்கு என்னென்ன பேர் இருக்கு டீச்சர்?" என்று கேட்டேன். அமர், சமர், சமரம் என்று அடுக்கினார். சமரம். முதல் எழுத்தைக் கத்தரித்தால் மரம். நிழல் தரும்! நடு வகுப்பில் "அய்யோ!" என்று கத்திவிட்டேன். பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தார். நின்றுகொண்டே சிரித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு குறிப்பு என்னை ஏமாற்றப் பார்க்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஏமாறாமல் இருப்பது எப்படி என்பது மட்டும் தெரியவில்லை.

அதை எனக்குக் காட்டியவர் வேப்பனப்பள்ளி அண்ணன்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, காம்பவுண்டு சொந்தக்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் தயக்கமில்லாமல் பேசுவார். புதிர் என்றால் அவருக்கு உயிர். ஆனால் பத்திரிகையைக் கையில் வாங்கமாட்டார். "நீ படி பாப்பா, என் கையெல்லாம் ஈரமா இருக்குது" என்பார். இன்னொரு நாள் கையில் கிரீஸ், மற்றொரு நாள் கண் எரிச்சல். நான் துவைக்கிற கல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து படித்துக் காட்டுவேன்.

அந்த வாரத்துக் குறிப்பு இது: 'சிதறிய கனவாம், ஏறிப் போகலாம் (4).' என் வீட்டில் இருந்தபோது அம்மாவும் நானும் இதோடு மல்லுக்கட்டியிருந்தோம். "பாவம், எவனோ மனசொடிஞ்சு எழுதியிருக்கான்" என்று அம்மா உச்சுக் கொட்டினாள். நான் விமானம் என்றேன். ஆனால் இரண்டாவது கட்டத்தில் ஸ்டோர் மாமாவின் பேனா 'க' என்று உட்கார்ந்திருந்தது. கனவு, தூக்கம், மேகம் என்று நாங்கள் எங்கெங்கோ போய் வந்தோம்.

நான் படித்ததை அண்ணன் ஒருதரம் கேட்டுக்கொண்டார். "சிதறிய-ன்னா உடைஞ்சு போனதுதானே? அதுக்குப் பக்கத்துல இருக்கற வார்த்தைய உதிரி உதிரியா சொல்லு."

"க, ன, வா, ம்."

ஈரவிரலால் கல்லின் மேல் எழுதினார். நேராக இல்லை, வட்டமாக. "வரிசையா எழுதினா கண்ணு பழைய வார்த்தையவே பாக்கும் பாப்பா. வட்டமா போட்டா எது முதலு, எது கடைசின்னு தெரியாது. சாமான மொத்தமா கழட்டித் தரையில போட்டுட்டு மாட்டற மாதிரி." நான் எட்டிப் பார்ப்பதற்குள் வெயிலில் காய்ந்துவிட்டது. அவர் உதடு மட்டும் அசைந்தது. "வா, க, ன, ம்... வாகனம் வருது. ஆனா சரியில்லியே. அது வாஹனமாச்சே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வாகனந்தான் அண்ணா! எங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே 'க'தான்!"

அவர் சோகமாகச் சிரித்தார். "அதுதான் பாப்பா, உங்க தமிழுல பேஜாரு."

நாங்கள் கனவில் மயங்கியிருந்தபோது அந்த மனுஷன் மயங்கவே இல்லை. அவருக்கு அது நாலு உதிரிச் சத்தம், அவ்வளவுதான். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அந்தப் புதிரில் சுலபமாக மாட்டிக்கொள்கிறார்கள் என்று அன்று கண்டுபிடித்தேன். கூடவே இன்னொரு குடைச்சலும் ஆரம்பித்தது. 'உங்க தமிழ்' என்று ஏன் சொன்னார்? எப்போது பார்த்தாலும் அவர் கை ஏன் ஈரமாகவே இருக்கிறது?

ஏழாவது நாள் பத்திரிகையைக் கடைசி வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குக் கொண்டுபோகிற வேலை என்னுடையது. அப்படிக் கொண்டுபோகும்போது உள்ளிருந்து ஒரு காலண்டர் தாள் விழுந்தது. பின்பக்கத்தில் அதே கட்டம், கோடு போட்டு அழகாக வரையப்பட்டிருந்தது. உள்ளே இருந்தவை குப்பம் போகிற ஆந்திரா பஸ்ஸின் பலகையில் நான் பார்த்திருக்கிற தெலுங்கு எழுத்துகள். 'பட்டம்' வரவேண்டிய இடத்தில் நாலு கட்டத்தில் இரண்டை மட்டும் நிரப்பிவிட்டு, மிச்சம் இரண்டைச் சுற்றிக் கேள்விக்குறி போட்டிருந்தார். தெலுங்கில் எழுதினால் அதற்கு இரண்டு கட்டமே போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது. திரும்பி ஓடிப்போய்த் தாளை நீட்டி, "அண்ணா, உங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியாதா?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டேன்.

அவர் தாளைப் பிடுங்கி மடித்துக்கொண்டார். உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"சத்தமா பேசாத பாப்பா. எங்க ஊருல இருந்து நடந்து போற தூரத்துல ஆந்திரா ஸ்கூல்தான் இருந்துச்சு. பத்தாவது வரைக்கும் அங்கதான். இங்க கம்பெனி பாரத்துல தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்னு போட்டுட்டன். இந்த வருசம் பர்மனென்ட் ஆவணும். தெரிஞ்சா பொய் சொன்னேன்னு வெளிய அனுப்பிடுவாங்க. ஊர்ல எல்லார்கிட்டயும் வேலை கெடைச்சிடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கறன். எந்த மொகத்த வெச்சிட்டுத் திரும்பிப் போறது?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பாடப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து புதிரைச் சாக்காக வைத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று எழுத்தாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது அவருக்குப் பிடித்துப்போனது. "ஒவ்வொண்ணுக்கும் தனி ரூமு" என்பார். எனக்கு அவர் வட்டம் போடச் சொல்லிக்கொடுத்தார். யார் வாத்தியார், யார் மாணாக்கர் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியது சரியாக ஏழு வாரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வாசலில் இருந்தார்கள். அப்பா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஸ்டோர் மாமா பத்திரிகையை விரித்துக் காட்டினார். வாகனம் வந்த புதிரின் முடிவு அது, அவர் பெயர் அச்சாகியிருந்தது. எல்லோரும் கூடி, ஆகா ஓகோ என்றார்கள். மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அந்த வாகனம்தான் கொஞ்சம் படுத்திருச்சு" என்றார், ஏதோ தான் கண்டுபிடித்த மாதிரி. அத்தை பெருமையாகப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது ஒண்ணும் நீங்க கண்டுபிடிக்கல! வேப்பனப்பள்ளி அண்ணன்தான் கண்டுபிடிச்சார்! அப்ப அவருக்குத் தமிழ்ல ஒரு எழுத்துக்கூட எழுதத் தெரியாது, அவரே கண்டுபிடிச்சிட்டார்!"

புகழ்ச்சியாகத்தான் சொன்னேன். சத்தியமாகப் புகழ்ச்சியாகத்தான். துவைக்கிற கல் பக்கம் அண்ணன் காக்கிச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்த கை அப்படியே நின்றது. ஸ்டோர் மாமா பத்திரிகையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்லை, சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன்கிழமை ஃபோர்மேன் அவரைக் கூப்பிட்டுவிட்டார். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது என்று தகவல் வந்திருக்கிறது, ஆபீசுக்கு எழுதினால் அன்றைக்கே வேலை போய்விடும், ஆகையால் ஒரு மாதம் தருகிறேன், அதற்குள் பரீட்சை எழுதித் தேறவேண்டும் என்றாராம். மெஷின்களில் இருக்கிற பலகைகளைச் சத்தமாகப் படிக்கவேண்டும், தன் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதவேண்டும். அதுவரைக்கும் பிரஸ் பக்கம் போகக்கூடாது.

தகவல் யாரிடமிருந்து போயிருக்கும்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவமானப்பட்டவர் யார்? அதே கம்பெனியில் வேலை பார்ப்பவர் யார்? எதையும் ஒழுங்கு, சட்டம் என்று பேசுகிறவர் யார்? "ஸ்டோர் மாமாதான் போட்டுக் குடுத்திருக்கார்" என்று முதலில் சொன்னவள் நான். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஆறில் ஐந்து வீடு அதையே சொன்னது. நான் குற்ற உணர்ச்சியில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் குற்றத்தில் பாதியை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்தது எவ்வளவு நிம்மதி என்று இப்போது புரிகிறது. அப்போது அதை நியாயம் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பாவை நச்சரித்துத் தனியாக ஒரு பத்திரிகை வாங்கவைத்தேன். அது எங்கள் வீட்டில் ஆரம்பித்து ஐந்து வீட்டுக்கு மட்டும் போனது. ஸ்டோர் மாமா தன் பத்திரிகையை வாங்கி வழக்கம்போல இரண்டாவது வீட்டில் கொடுத்தபோது, "நாங்க படிச்சாச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மறுவாரம் அவர் வாங்குவதை நிறுத்திவிட்டார். குழாயடியில் அத்தை வந்தால் பேச்சு நின்றுபோகும். குடம் நிறைகிற சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் அம்மா மட்டும் இரண்டு நாள் பேசிப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் ஊரோடு ஒத்துப்போவது சுலபமாகிவிட்டது.

பாடம் இப்போது வெளிப்படையாக நடந்தது. சாயங்காலம் ஆனால் வாசலில் கூட்டம். ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் அப்பாவும் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் புதிரில் துளியும் ஆர்வம் கிடையாது, ஆனால் கம்பெனிப் பலகைகளில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்து அண்ணனைப் படிக்கவைத்தார். "திருப்பிப் படி. இன்னொருக்கா படி" என்று விடமாட்டார். அப்பாவுக்குத்தான் எவ்வளவு இளகின மனசு என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. 'காரணம் கேட்டு அழகு சேர்ந்தால் பாத்திரம் (3)' என்று ஒரு குறிப்பு. "பாத்திரம்னா ஏனம்தான்" என்றாள் அம்மா பட்டென்று. எங்கள் ஊரில் பாத்திரத்தை ஏனம் என்போம். ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேலிப்பட்டிருக்கிறேன், அதனால் முறைத்தேன். எண்ணிப் பார்த்தால் மூன்று கட்டம் சரியாக வந்தது. காரணம் கேட்பது 'ஏன்.' சரி, 'அம்' எப்படி அழகாகும்? யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது முதல் வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"அம்-னா அழகுன்னு ஒரு அர்த்தம் உண்டு. பழைய தமிழ்."

ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை நாளாக நின்றாரோ தெரியாது. நான் தலையைக்கூடத் திருப்பாமல், "எங்கயோ நாய் குலைக்கிற மாதிரி சத்தம் கேக்குது" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்பா தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் 'ஏனம்' என்று கட்டத்தில் எழுதிக்கொண்டேன். அவர் சொன்ன விளக்கம் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது, பாருங்கள்.

அண்ணன் பரீட்சையில் தேறிவிட்டார். பலகைகளை மடமடவென்று படித்தாராம். எழுதின பக்கத்தில்தான் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, கட்டத்துக்குள் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தாராம். "என்னய்யா, பக்கம் பூரா எறும்பு வரிசையா போகுது?" என்று ஆபீசர் கேட்டுச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு கூடை மாம்பழம் வந்தது. ஐந்து வீட்டுக்குப் பங்குபோட்டோம். அடுத்த இரண்டு மாதத்தில் ஸ்டோர் மாமா கம்பெனியைவிட்டே நின்று, கிருஷ்ணகிரியில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். சாமான் ஏற்றிய டெம்போ கிளம்பும்போது அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஓசூரிலேயே இருந்துவிட்டேன். கஷ்டமான குறுக்கெழுத்து இன்றைக்கும் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் போட்டுவிடுவேன். இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணன் தேறிய கதையாகத்தான் சொல்வேன். ஸ்டோர் மாமா அதில் வில்லன். சொல்லும்போது அவர் குரலில் பேசிக்கூடக் காட்டுவேன்.

போன வருஷம் என் வீட்டுக் கூடத்தில் வைத்து மருமகளிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். நான் மாமாவின் குரலில் பேச ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்தார்.

"அவர் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"எதை?"

"ஃபோர்மேன்ட்ட. நான்தான் போய்ச் சொன்னேன்."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"நீ வாசல்ல வச்சுக் கத்துனியே, அதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள் பிரஸ்ல பழுது பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஃபிட்டரு கை ரெண்டும் உள்ள இருக்கு. சுவிட்ச்ல 'வேலை நடக்கிறது, தொடாதே'ன்னு பலகை தொங்குது. அந்தப் பையன் வந்து நேரா சுவிட்ச்ல கைய வைக்கப் போறான். நான் அவன் மணிக்கட்டப் பிடிச்சு இழுத்தேன். கவனமில்லாத பயன்னு நினைச்சேன். நீ சொன்ன அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அவனுக்கு அத வாசிக்கத் தெரியலன்னு. மறுநாள் எவன் கை போகும்? சொல்லாம எப்படி இருக்க? ஆபீசுக்கு எழுதாதீங்க, ஒரு மாசம் குடுங்க, நாங்க படிக்க வச்சிருதோம்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன்."

அப்பா செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் எதற்காகப் பலகைகளை எழுதிக்கொண்டு வந்து அப்படி விடாமல் படிக்கவைத்தார் என்பதும் விளங்கியது.

"அப்ப, அந்த மாமாவ நாங்க அந்தப் பாடு படுத்தினப்ப ஏன்ப்பா வாயத் தொறக்கல?"

"நீ ஒரு வாரம் சோறு திங்கல. அப்பன்தான் சொன்னான்னு தெரிஞ்சா எம்மூஞ்சில முழிச்சிருப்பியா? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவர் போயிட்டார்." கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். "தப்புதான். என்ன செய்ய?"

வேப்பனப்பள்ளி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் ரிட்டயராகி மாந்தோப்போடு இருக்கிறார். எல்லாம் சொன்னேன். "உங்கப்பா பண்ணது நல்லதுதான் பாப்பா. அந்த ஸ்டோர் ஐயாவ நெனைச்சாத்தான்... நானும் அவரப் பாத்தா மூஞ்சியத் திருப்பிட்டுப் போனவன்தானே" என்றார். எங்கெங்கோ விசாரித்து, நாலு நாளில் கிருஷ்ணகிரி விலாசத்தை வாங்கிக் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோர்த்துக்கொண்டே போனேன். வார்த்தைகளைப் பிரித்துப் போட்டு மாட்டுவதில் நான் கெட்டிக்காரி அல்லவா, அன்று ஒரு வாக்கியமும் சேரவில்லை. மகன் வீட்டில் இருந்தார் மாமா. ஆள் பாதியாகிவிட்டார், காது மட்டும் நன்றாகக் கேட்டது. இன்னார் மகள் என்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். யார் சொன்னது, எதற்காகச் சொன்னது, நாங்கள் என்ன நினைத்தோம். நாய் குலைக்கிறது என்று சொன்னதையும் விடவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். "ஓ. உங்கப்பாவா?" என்றார். "யார் சொல்லியிருப்பாங்கன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். நான் சொல்லலைங்கிறது மட்டும்தானே எனக்குத் தெரியும்?"

"அன்னைக்கே 'நான் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

"யாரும்மா என்னைக் கேட்டீங்க?"

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கேட்டுத் துளைத்தவள் நான். அவரிடம் அந்த ஒன்றை மட்டும் கேட்கவே இல்லை. அழுகை வந்துவிட்டது. அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறவர் மாதிரி கையை அசைத்தார்.

"உங்க அத்தை ஒருத்திதான் கேட்டா. நீங்கதானே சொன்னீங்க, உண்மையச் சொல்லுங்கன்னா. நான் இல்லைன்னேன். அவ நம்பல. குழாயடியில யாரும் பேசாம அவதானே தினம் குடத்தத் தூக்கிட்டுத் திரும்பி வந்தா, எப்படி நம்புவா? அப்புறம் அதப்பத்தி நாங்க பேசிக்கவே இல்ல. நாப்பது வருஷத்துக்கு மேல பக்கத்துலயே இருந்தா. போன தை மாசம் போயிட்டா." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "இப்ப நீ வந்து என்கிட்டச் சொல்ற. அவகிட்ட யார் போய்ச் சொல்றது?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.